எண்ணில் ஒன்றைக் கூட்டினேன், வேறொருவரின் அறிக்கை வந்தது

கேள்வி: எனக்கு 23 வயது. கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். போன வாரம் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். ஆய்வகத்தின் இணையதளத்தில் லாகின் செய்து அறிக்கையைத் திறந்தபோது முகவரியின் கடைசியில் ஓர் எண் இருப்பதைப் பார்த்தேன். விளையாட்டாக அதில் ஒன்றைக் கூட்டி என்டர் தட்டினேன். முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் பெயர், வயது, சர்க்கரை அளவு எல்லாம் திரையில் வந்து நின்றன. தற்செயலாக இருக்குமோ என்று இன்னும் நான்கு எண்களைப் போட்டேன். நான்கும் திறந்தன. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். "ஐந்தைக் காட்டினால் நம்ப மாட்டார்கள், சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஐந்நூறை இறக்கிக் காட்டு" என்கிறான் நண்பன். "வாயை மூடிக்கொண்டு இரு" என்கிறார் அப்பா. ஹேக்கிங் என்றாலே திருட்டுதான், அதில் நல்லது என்று ஒன்று உண்டா என்பது அவர் கேள்வி. எனக்கோ இதையே தொழிலாகக் கொள்ள ஆசை. ஆய்வகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருக்கிறேன். கடிதத்தை அனுப்பலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அனுப்புங்கள். ஆனால் இப்போது எழுதி வைத்திருப்பதை அல்ல. அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது: அந்த முகவரியில் இனி ஓர் எண்ணைக்கூட மாற்றாதீர்கள். சரிசெய்துவிட்டார்களா என்று பார்க்கும் நல்லெண்ணத்திலும் வேண்டாம்.

கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை எண்ணை மாற்றியபோது என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த நான்கு முறையும் தெரியும். இன்னொருவரின் மருத்துவ விவரம் வரலாம் என்று தெரிந்தேதான் என்டர் தட்டினீர்கள். சர்வரின் பதிவுகளில் இந்த ஐந்தும் உங்கள் கணக்கு, ஐபி முகவரி, நேரம் ஆகியவற்றோடு ஐந்து வரிகளாக இருக்கும். அந்தப் பதிவில் நோக்கத்துக்கென்று ஒரு கட்டம் கிடையாது. ஐந்து வரிகள் என்றால் நீங்களே விளக்கம் சொல்லிவிடலாம். ஐந்நூறு வரிகள் என்றால் உங்கள் சார்பில் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2010-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய இதேதான் நடந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சர்வர் ஒன்றிடம் ஐபேடின் சிம் அட்டை எண்ணைக் கொடுத்தால், கடவுச்சொல் எதுவும் கேட்காமல், அதன் உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரியைத் தந்துவிட்டது. இதைக் கண்டுகொண்ட இருவர் எண்களை வரிசையாக அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றின் மூலம் சுமார் 1,14,000 முகவரிகளை அள்ளி, அவற்றை ஒரு செய்தித் தளத்திடம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு 2013-ல் 41 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செய்தது சரி என்பதற்காக அல்ல, வழக்கைத் தொடுத்த மாநிலம் தவறு என்பதற்காக. அதற்குள் அவர் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். உங்கள் நண்பரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஓட்டை இருக்கிறது என்று காட்ட ஐந்நூறு வேண்டாம், ஐந்தும் வேண்டாம். பாதுகாப்புச் சோதனையைத் தொழிலாகச் செய்யும் நாங்கள் இதைச் சோதிக்கும்போது நிறுவனத்திடம் கேட்டு இரண்டு பொய்க் கணக்குகளை வாங்கிக்கொள்வோம். முதல் கணக்கில் நுழைந்து இரண்டாவதன் அறிக்கையைக் கேட்போம். வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. நிஜமான நோயாளி ஒருவரின் பெயர்கூட எங்கள் கண்ணில் பட வேண்டியதில்லை.

நீங்கள் கண்டது அரிய வகை ஓட்டை அல்ல. வலைச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-ல் வெளியிட்ட பத்து பெரிய ஆபத்துகளின் பட்டியலில் இந்தக் குடும்பத்துக்குத்தான் முதலிடம். அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறு என்று சொல்வோம். பைகளை ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிச் செல்லும் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவர் உங்கள் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். அதுதான் லாகின். ஆனால் உள்ளே பை எடுத்துக் கொடுப்பவர் டோக்கனைக் கையில் வாங்கிப் பார்ப்பதில்லை. "எத்தனையாம் நம்பர்?" என்று கேட்டு, வாயால் சொன்ன எண்ணுக்கு உரிய பையை நீட்டிவிடுகிறார். நீங்கள் யார் என்று ஒரு முறை கேட்டார்கள். இது உங்களுடையதா என்று யாரும் கேட்கவில்லை.

ஓட்டைகளைத் தேடும் தானியங்கி ஸ்கேனர்கள் இந்த வகையைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடும். உங்கள் அறிக்கையும் அந்தப் பெண்மணியின் அறிக்கையும் அவற்றின் பார்வையில் ஒன்றுதான். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் ஒழுங்காகத் திறந்த பக்கங்கள் அவை. அவர் நீங்கள் இல்லை என்பது ஒரு மனிதனுக்குத்தான் உறைக்கும். இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் ஆள் வைத்துச் சோதிக்கிறார்களே, ஏன் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணமே இதுதான். இன்னொன்று: இதைச் சொன்னதும் பல நிறுவனங்கள் எண்ணை நீக்கிவிட்டு, ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக்கோவையை வைத்துவிட்டு நிம்மதியாகிவிடும். அது பாதி மருந்துதான். முகவரி எங்காவது கசிந்தால் மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு முறையும் சர்வர் 'இது இவருடையதா' என்று கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் கடிதம். பொருள் வரியில் "உங்கள் தளம் ஹேக் செய்யப்பட்டுவிட்டது!!!" என்று மூன்று ஆச்சரியக்குறிகளோடு எழுதியிருக்கிறீர்கள். முதல் பத்தி முழுக்க அவர்களுடைய பொறுப்பின்மை பற்றிய உபதேசம். என்ன நடந்தது என்பது மூன்றாம் பத்தியில்தான் வருகிறது, அதுவும் எந்தப் பக்கம், எந்த நேரம் என்ற விவரம் இல்லாமல். கடைசியில் இரண்டு வரிகள்: "ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சமூக ஊடகங்களில் வெளியிடுவேன்." "என் உழைப்புக்குத் தக்க சன்மானம் தருவீர்கள் என நம்புகிறேன்." தனித்தனியாகப் படித்தால் ஒன்று கோபம், மற்றது ஆசை. அடுத்தடுத்து வைத்துப் படித்தால் மிரட்டிப் பணம் கேட்பதாக ஆகிவிடும். நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. அவர்களுடைய சட்டப் பிரிவுக்குப் புரிய வேண்டும் என்ற அவசியமில்லை.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"பொருள்: அறிக்கைப் பக்கத்தில் பாதுகாப்புக் குறைபாடு, பிற நோயாளிகளின் விவரங்கள் தெரிகின்றன.

நான் உங்கள் ஆய்வகத்தில் பரிசோதனை செய்துகொண்டவன். இந்தத் தேதியில் இத்தனை மணிக்கு என் கணக்கில் நுழைந்து என் அறிக்கையைத் திறந்தேன். அதன் முகவரி கீழே உள்ளது. இறுதியிலுள்ள எண்ணை மாற்றியபோது வேறொருவரின் அறிக்கை திறந்தது. மொத்தம் ஐந்து முறை இவ்வாறு செய்தேன். அதன் பிறகு நிறுத்திவிட்டேன். அறிக்கைகளைத் தரவிறக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், அவற்றை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அப்படியே செய்கிறேன். லாகின் செய்தவருக்கு உரிய அறிக்கைதானா என்பதைச் சர்வர் சரிபார்க்கவில்லை என்று தோன்றுகிறது. மேலும் விவரம் தேவைப்பட்டால் இந்த முகவரியில் தொடர்புகொள்ளலாம்."

அவ்வளவுதான். ஐந்து முறை என்றால் ஐந்து முறை என்றே எழுதுங்கள். அவர்களிடம் பதிவு இருக்கிறது. ஒரு எண் பொய்யானால் மற்ற எல்லா வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். சன்மானம் வேண்டாம் என்று எழுத வேண்டியதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை.

யாருக்கு அனுப்புவது? ஓட்டை கண்டவர்கள் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று சொல்லும் சிறு கோப்பு ஒன்றைத் தளத்தில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. அதன் பெயர் செக்யூரிட்டி டாட் டிஎக்ஸ்டி. 2022-ல் அதற்கு முறையான விவரக்குறிப்பும் வந்துவிட்டது. சிறு ஆய்வகங்களின் தளத்தில் அது இருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். இல்லையென்றால் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும், அதற்கு அனுப்புங்கள். தொலைபேசியில் வாடிக்கையாளர் சேவையை அழைத்து விளக்க முயல வேண்டாம். மறுமுனையில் இருப்பவரின் நிலைமை உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் உங்கள் நாட்டின் செர்ட் அமைப்பிடம் போங்கள். பெரும்பாலான நாடுகளில் இப்படி ஒரு கணினி அவசரநிலைக் குழு உண்டு. 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற, தானாகப் பரவும் நிரல் அன்றைய இணையத்தில் இருந்த ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்த பிறகு, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது முதல் செர்ட். வெளியாருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நின்று பேசுவதும் இந்தக் குழுக்களின் வேலை. ஏழு நாள் கெடு வேண்டாம். ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, வெளியில் சொல்லும் முன் அடைத்துக்கொள்ள 90 நாட்கள் தருகிறது. மருத்துவ விவரங்கள் கசியும்போது 90 நாட்கள் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவசரப்படுத்தும் வேலையைச் செர்ட் செய்யட்டும். ஒருவேளை ஆய்வகத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால், நீங்களாகப் பதில் எழுத உட்காராதீர்கள். நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் பாதுகாப்பு ஆய்வுக்காக வழக்குத் தொடுக்கக் கூடாது என்று அமெரிக்க நீதித் துறை 2022-ல் தன் அரசு வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டியது. எல்லா நாட்டுச் சட்டங்களும் அவ்வளவு தூரம் வந்துவிடவில்லை.

சரி, கடிதம் போய்ச் சேர்ந்தால் ஓட்டை அடைபடுமா? நான் சொல்ல வருவதே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற நிறுவனம் வீடு, நிலம் விற்பனைக்கான உரிமை ஆவணங்களைக் கையாள்கிறது. 2019 மே மாதத்தில் அதன் தளத்தில் நீங்கள் செய்ததையே செய்தால் மற்றவர்களின் ஆவணங்கள் திறப்பதாகச் செய்தி வெளிவந்தது. 80 கோடிக்கும் மேற்பட்ட ஆவணப் படங்கள் அப்படித் திறந்துகிடந்தன; வங்கிக் கணக்கு எண்கள் உட்பட. பிற்பாடு விசாரணையில் தெரிய வந்ததுதான் கொடுமை. நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினர் தாங்களே நடத்திய சோதனையில் அதே ஓட்டையைச் சில மாதங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். ஜனவரியில் அறிக்கையும் எழுதியாகிவிட்டது. அடைக்கத்தான் இல்லை. செய்தி வந்தபோது பொதுமக்களுக்கு அறிக்கை விட்ட மேலதிகாரிகளுக்கு அப்படி ஒரு ஆவணம் இருப்பதே தெரியாதாம்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பதால் பாதுகாப்பு வளர்வதில்லை. அடைக்கக்கூடியவரின் மேசைக்கு அது போய்ச் சேர்ந்து, அவருக்கு விளங்கி, அவர் நேரம் ஒதுக்கினால்தான் வளர்கிறது. எங்கள் தொழிலின் பெரும்பகுதி அந்தப் பயணத்தில்தான் கழிகிறது. வெளியே யாருக்கும் அது தெரிவதில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதைத்தான் படம் பிடிக்கிறார்கள். என் முதல் வருடத்தில் 180 பக்க அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தேன். மறு ஆண்டு அதே நிறுவனத்துக்குச் சோதனைக்குப் போனபோது பதினொரு ஓட்டைகளில் பத்து அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் எப்படி அடைபட்டது என்று விசாரித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் நான் வாய்வழியாகச் சொன்னதாம் அது.

உங்கள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் பயம் நியாயமானது. ஆனால் உரிமையாளரே ஆளை அழைத்து 'உடைத்துப் பார்' என்று சொல்லும் வழக்கம் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. அமெரிக்க விமானப் படை மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தை ரகசியத் தகவல்களுக்கு நம்பலாமா என்று அறிய விரும்பியது. பாதுகாப்பை மனதில் வைத்தே கட்டப்பட்டது அது. பால் கார்கர், ரோஜர் ஷெல் என்ற இரு விமானப் படை அதிகாரிகள் அதை உடைத்துப் பார்த்து 1974-ல் அறிக்கை கொடுத்தார்கள். மென்பொருளில், வன்பொருளில், நடைமுறையில், மூன்றிலும் ஓட்டை. கட்டியவர்களின் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் ஏற்க முடியாது என்ற புத்தி அப்போதே வந்துவிட்டது.

திருடனுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், 2008-ல் டான் கமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லுவேன். இணையதளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில் அடிப்படையான ஒரு கோளாறு அவர் கண்ணில் பட்டது. ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தவரை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட முடியும். அவர் அதை வைத்துப் பணம் பண்ணவில்லை, உடனே ஊரெல்லாம் சொல்லவும் இல்லை. மென்பொருள் தயாரிப்பாளர்களைக் கூட்டிப் பேசினார். ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான நிறுவனங்கள் 2008 ஜூலை 8 அன்று ஒரே நாளில் திருத்தத்தை வெளியிட்டன. நிர்வாகிகள் அதை நிறுவ 30 நாள் அவகாசம் கிடைக்கட்டும், அதுவரை யாரும் நுட்பத்தை வெளியில் ஊகித்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு வாரத்திலேயே விஷயம் கசிந்துவிட்டது என்பது வேறு கதை. ஆனால் அதற்குள் திருத்தம் வெளிவந்திருந்தது.

நெறிசார் ஹேக்கர் என்ற பட்டத்தின் மேல் எனக்குத் தனியாக மோகம் கிடையாது. நெறிசார் அறுவை மருத்துவர் என்று யாரும் விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்வதில்லையே. எங்களைப் பிரித்துக் காட்டுவது கையெழுத்திட்ட ஒரு காகிதம்: எந்தக் கணினிகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதைத் தொடக் கூடாது. அந்தக் காகிதத்தையும் யார் கையெழுத்திட்டார் என்று பார்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இரு சோதனையாளர்கள் பாதுகாப்பைச் சோதிப்பதற்காக நள்ளிரவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். மாநில நீதித் துறை நிர்வாகம் கொடுத்த ஒப்பந்தம் கையில் இருந்தது. ஆனால் கட்டடம் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம் என்று சொல்லி அங்குள்ள ஷெரிஃப் அவர்களைக் கைது செய்தார். குற்றச்சாட்டுகள் கைவிடப்பட நான்கு மாதங்கள் ஆயின. உங்களிடம் காகிதமே இல்லை என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

தொழிலாகக் கொள்ளலாமா என்றால், தாராளமாக. அடுத்தவர் தளத்தில் கை வைக்காமல் பழக இடங்கள் இருக்கின்றன. ஓவாஸ்ப் அமைப்பே வெப்கோட், ஜூஸ் ஷாப் என்று வேண்டுமென்றே ஓட்டைகளோடு எழுதப்பட்ட செயலிகளை இலவசமாகத் தருகிறது. உங்கள் சொந்தக் கணினியில் நிறுவிக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். நீங்கள் கண்ட அதே ஓட்டை அவற்றிலும் உண்டு. பிறகு பக் பவுண்டி, அதாவது ஓட்டை கண்டு சொல்பவர்களுக்குச் சன்மானம் தரும் திட்டம், நடத்தும் நிறுவனங்கள்: 'இவற்றையெல்லாம் சோதிக்கலாம்' என்று அவர்களே பொதுவில் அனுமதி எழுதி வைத்திருப்பார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 2016-ல் இப்படி அழைத்தது. 1,400-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள், 138 ஓட்டைகள் செல்லத்தக்கவை என ஏற்கப்பட்டன. எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள் என்பதையும் இந்தக் கணக்கிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

அனுமதி இருந்தாலும் பொறுமை வேண்டும். ஒரு முறை ஒப்பந்தப்படி ஓர் அலுவலக நெட்வொர்க்கை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் மூன்றாவது மாடியிலிருந்து போன். அங்கிருந்த பிரிண்டர்கள் எல்லாம் பேய் பிடித்ததுபோலக் காகிதங்களைத் துப்பிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் பொருளில்லாத ஒன்றிரண்டு வரிகள். பிரிண்டர்கள் காது கொடுக்கும் 9100-ஆம் போர்ட்டுக்கு (நெட்வொர்க்கில் தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்) என் கருவி எதை அனுப்பினாலும் அவை அதை அச்சிடச் சொன்னதாக எடுத்துக்கொண்டன. அன்று மாலை நானே காகிதக் கட்டுகளைச் சுமந்து கொண்டுபோய் நிரப்பினேன்.

வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருப்பது இதற்கு ஒரு குறை என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓஎஸ்சிபி என்ற சான்றிதழ்த் தேர்வு இந்தத் தொழிலில் மதிக்கப்படுவது. ஒரு நாளுக்குக் கால் மணி நேரம் குறைவாக, 23 மணி 45 நிமிடம் கணினிகளுக்குள் நுழைய வேண்டும். அதன் பிறகு அறிக்கை எழுத மட்டும் இன்னொரு 24 மணி நேரம். எல்லாக் கணினிகளுக்குள்ளும் நுழைந்துவிட்டு அறிக்கையில் கோட்டை விட்டவர்கள் உண்டு. உங்கள் பிரிவுக்கு "சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை" என்று ஒரு புகார் வருகிறது. "விலைப்பட்டியலில் தேதியை மாற்றிச் சேமித்தால் வரித் தொகை பூஜ்யமாகிறது" என்று இன்னொன்று வருகிறது. எதை முதலில் கையில் எடுப்பீர்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக அந்த ஸ்கிரீன்ஷாட்கள். உங்கள் போன் அவற்றை இந்நேரம் கிளவுடில் பிரதி எடுத்து வைத்திருக்கும். ஆய்வகம் அழிக்கச் சொன்னால் அங்கேயும் பார்த்து அழியுங்கள். என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்ற உங்கள் குறிப்புகளைப் பத்திரமாக வையுங்கள். பெயர்களும் அளவுகளும் உங்களுக்குத் தேவையில்லை. எனக்கு அனுப்பியதில் அந்தப் பெண்மணியின் பெயரை மறைக்காமலேயே அனுப்பியிருக்கிறீர்கள். நான் அழித்துவிட்டேன். ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்தில் 'ஆலோசனைக்காக ஒருவருக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், அவர் அதை அழித்துவிட்டதாகத் தெரிவித்தார்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் காட்டியிருந்தால் அதையும்.